மூட்டைக்கு 52 ரூபாய் 40 காசு

அரக்கோணம்னா பலருக்கு ரயில் ஜங்ஷன்தான் ஞாபகம் வரும். மேற்கே ராணிப்பேட்டை, ஆம்பூர் என்று போனால் தோல். ஆனால் நெமிலி, காவேரிப்பாக்கம் பக்கம் ஒருமுறை போய்ப் பாருங்கள். ஏரிப் பாசனம், நெல்லு. சொர்ணவாரி, சம்பா, நவரை என்று மூணு பட்டம்.

"விவசாயிக்கு கவர்மென்ட் 2500 ரூபாய் கொடுக்குதாமே" என்று நண்பர் ஒருவர் கேட்டார். கையில் யாரும் கொடுப்பதில்லை. நுகர்பொருள் வாணிபக் கழகத்தின் நேரடி கொள்முதல் நிலையத்தில் நெல்லை எடை போட்டால்தான் அந்த விலை. வெளியே வியாபாரியிடம் விற்றவருக்கு அது பேப்பரில் படித்த செய்தி, அவ்வளவுதான்.

2025-26 பருவத்தில் மத்திய அரசின் ஆதரவு விலை குவிண்டாலுக்குப் பொது ரகம் 2369, சன்ன ரகம் 2389. மாநில ஊக்கத்தொகை 131, 156. கூட்டினால் 2500, 2545. பொது ரகத்தையே எடுத்துக்கொள்வோம். 2021-22இல் அது 1940, கூட 75, ஆக 2015. நாலு வருஷத்தில் ஏறிய 485 ரூபாயில் 429 மத்திய விலை உயர்வு, 56தான் மாநிலத்தின் பங்கு. 2500 என்பது 2021 தேர்தலில் திமுக கொடுத்த வாக்குறுதி என்பதால், யார் பங்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்ப்பது நல்லது.

இப்போது மூட்டைக் கணக்குக்கு வருவோம். நிலையத்தில் ஒரு மூட்டை 40 கிலோ, விலை 1000 ரூபாய். அதில் ஊக்கத்தொகை 52 ரூபாய் 40 காசு. 'எடைக் கூலி' என்று மூட்டைக்கு நாற்பது, ஐம்பது கேட்கிறார்கள் என்பது பல மாவட்டங்களில் விவசாயிகள் வெளிப்படையாகச் சொல்லும் புகார். நாற்பது போனால் மிச்சம் 12 ரூபாய் 40 காசு. கோட்டையில் அறிவித்தது களத்திலேயே முடிந்தது.

ஈரப்பதம் இன்னொன்று. வரம்பு 17 சதவீதம். மழை வருஷங்களில் தளர்த்தச் சொல்லி மாநிலம் டெல்லிக்கு எழுதும், மத்தியக் குழு வந்து பார்க்கும், நெல்லு அதுவரை தார்ப்பாய்க்குக் கீழே முளைவிடும். 20 சதவீத ஈரத்தில் 100 கிலோ இருந்தால், 17க்குக் காய்ந்தபின் சுமார் 96.4 கிலோதான். காயவைக்க இடமும் ஆளும் இல்லாதவர் என்ன செய்வார்? களத்துக்கே வரும் வியாபாரியிடம் கேட்ட விலைக்குத் தள்ளிவிடுவார்.

குத்தகைக்காரர் பாடு இன்னும் மோசம். நிலையத்தில் பதிய சிட்டா, அடங்கல் வேண்டும். வாய்ப்பேச்சுக் குத்தகையில் பயிர் வைத்தவரிடம் அது எங்கே இருக்கும்? நிலத்துக்காரர் மனசு வைத்தால் உண்டு.

அப்படியானால் விலை வித்தியாசத்தை மட்டும் வங்கிக் கணக்கில் போட்டுவிடலாமே? அமெரிக்காவில் அந்த வகை ஏற்பாடு உண்டு. மத்தியப் பிரதேசம் 2017இல் 'பாவாந்தர்' என்ற பெயரில் எண்ணெய் வித்து, பருப்புகளுக்குச் செய்து பார்த்தது. மீதியை அரசு தரும் என்று தெரிந்ததும் வியாபாரிகள் விலையை இறக்கிவிட்டார்கள் என்ற புகார் அங்கே எழுந்தது. அதனால் நான் கொள்முதல் நிலையத்தின் பக்கம்தான். ஊக்கத்தொகையை இன்னும் பத்து ரூபாய் ஏற்றுவதைவிட, அந்த நிலையங்களில் உலர்த்தும் தளமும் கூரையும் போடுவது, பயிர் வைத்தவர் பெயரிலேயே அடங்கல் கொடுப்பது, இந்த இரண்டும் நெமிலிக்காரருக்கு அதிகம் உதவும்.