இயலாமையுடையோருக்கான சேவைகளில் திட்டமிடலாளரின் பங்கு

நலன்புரிச் சேவைகள் பற்றிய வினாவுக்கு விடையெழுதும் மாணவர் பலர், "அரசு உதவிப் பணம் வழங்குகின்றது" என்ற ஒரே வரியுடன் நின்றுவிடுவர். யாருக்கு, எதற்காக, எவ்வளவு என்று தீர்மானிப்பவர் யார் என்பதை அவர்கள் சிந்திப்பதில்லை. அவுஸ்திரேலியாவில் இப்பொறுப்பு சட்டத்தின் மூலம் ஓர் உத்தியோகத்தரிடம் ஒப்படைக்கப்பட்டுள்ளது. அவரே திட்டமிடலாளர் ஆவார்.

முன்னர் அந்நாட்டில் அரசின் நிதியில் பெரும்பகுதி சேவை வழங்கும் நிறுவனங்களுக்கு மொத்தமாகச் சென்றது. நிறுவனத்தில் இடம் கிடைத்தவருக்கு உதவி கிடைத்தது, கிடைக்காதவர் காத்திருந்தார். இம்முறை நிதி போதாததும் நியாயமற்றதும் என்று உற்பத்தித்திறன் ஆணைக்குழு 2011இல் அறிக்கையிட்டது. அதன் விளைவாக 2013இல் தேசிய இயலாமைக் காப்புறுதித் திட்டச் சட்டம் நிறைவேறியது. அவ்வாண்டு யூலை 1இல் பரீட்சார்த்தமாகச் சில இடங்களில் ஆரம்பமான திட்டம், 2016 யூலை முதல் படிப்படியாக நாடெங்கும் விரிவாக்கப்பட்டது. இன்று 7 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இதில் பங்குபற்றுகின்றனர். இதனை நடத்தும் முகவரகத்தின் தலைமையகம் விக்ரோரியா மாநிலத்தின் கீலோங் நகரில் உள்ளது.

"காப்புறுதி" என்ற சொல்லைக் கண்டு மயங்க வேண்டாம். பங்குபற்றுநர் எவரும் தவணைப்பணம் கட்டுவதில்லை. செலவை அரசாங்கங்களே ஏற்கின்றன. இதற்கு உதவியாக 2014 யூலையில் மெடிக்கெயர் வரி 1.5 சதவீதத்திலிருந்து 2 சதவீதமாக உயர்த்தப்பட்டது. எந்தக் குடும்பத்திலும் இயலாமை ஏற்படலாம். ஆகவே அதன் சுமையைச் சமூகம் முழுவதும் பகிர வேண்டும் என்பதே இப்பெயரின் கருத்தாகும்.

திட்டத்தில் சேர விண்ணப்பிப்பவர் 65 வயதுக்குக் குறைந்தவராகவும், குடியுரிமை அல்லது நிரந்தர வதிவிடம் போன்ற தகுதி உடையவராகவும் இருத்தல் வேண்டும். அவரது இயலாமை நிரந்தரமானதாக இருப்பதுடன் அன்றாட வாழ்வைக் கணிசமாகப் பாதிப்பதாகவும் இருத்தல் வேண்டும். இத்தகுதி உறுதியான பின்னரே திட்டமிடல் தொடங்கும். தகுதி பெற்றோர் அனைவருக்கும் ஒரே தொகை வழங்கப்படுவதில்லை என்பதைக் கவனிக்க. ஒருவருக்கு ஒரு திட்டம் என்பதே இங்கு விதி.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். மூளைவாதத்தினால் பாதிக்கப்பட்ட 15 வயதுச் சிறுமி ஒருத்தி சக்கர நாற்காலியில் நடமாடுகின்றாள். தாயே தினமும் அவளைத் தூக்கிக் குளிப்பாட்டுகின்றார். திட்டமிடல் சந்திப்பில் "வீட்டில் என்ன உதவி வேண்டும்?" என்று கேட்கப்படும்போது தாய், "அதெல்லாம் நாங்கள் சமாளித்துக்கொள்ளுவம்" என்கின்றார். நம்மவர் வீடுகளிலும் எவரும் இப்படித்தான் சொல்வார்கள். ஆனால் இச்சொல்லுக்கு அங்கு ஒரு விலை உண்டு. குடும்பத்தவர் செய்யுமாறு எதிர்பார்ப்பது நியாயமான உதவி எது என்பதைத் திட்டமிடலாளர் கருத்திற்கொள்ள வேண்டும் எனச் சட்டம் கூறுகின்றது. தாயின் பதிலை அப்படியே பதிந்துகொண்டால், குளிப்பாட்டும் உதவிக்கு நிதி கிடைக்காமற் போகலாம்.

திறமையான திட்டமிடலாளர் அத்துடன் நிறுத்தமாட்டார். நாளொன்றுக்கு எத்தனை தடவை தூக்குகின்றீர்கள்? நீங்கள் காய்ச்சலில் படுத்தால் யார் செய்வார்? மகள் வளர வளர உங்கள் முதுகு தாங்குமா? இவ்வாறு வினவுவார். சிறுமியிடமும் நேரடியாகக் கேட்பார். சனிக்கிழமைகளில் தோழியுடன் நூலகத்துக்குத் தனியே போக விரும்புவதாக அவள் கூறக்கூடும். தன் வயதுக்கு ஏற்றபடி தாயின் கையின்றிக் குளிக்கப் பழகவும் விரும்பலாம். இவை இரண்டும் அவளது "இலக்குகள்" ஆகும்.

இலக்குகளை நிதியாக மாற்றுவதே திட்டமிடலாளரின் மையப் பணி. பராமரிப்பு உதவியாளரின் மணித்தியாலங்கள் அடிப்படை உதவியிலும், தொழில்வழிச் சிகிச்சை போன்ற பயிற்சிகள் இயலளவு விருத்தியிலும், மின்சாரச் சக்கர நாற்காலி மூலதன உதவியிலும் அடங்கும். ஒவ்வொன்றும் "நியாயமானதும் அவசியமானதும்" என்ற அளவுகோலுக்குட்பட வேண்டும். செலவுக்கு ஏற்ற பயன் உண்டா, உண்மையில் பலன் தருமா என்பன ஆராயப்படும். சிகிச்சையாளரின் அறிக்கை இங்கு பெரிதும் உதவும். வகுப்பறையில் கற்பதற்கான உதவி கல்வித்துறையின் பொறுப்பு. சத்திரசிகிச்சை சுகாதாரத்துறையின் பொறுப்பு. வீட்டு வாடகையும் உணவும் சாதாரண வாழ்க்கைச் செலவுகள். இவை திட்டத்தில் இடம்பெறா. எவ்வகை உதவிகளுக்கு நிதி செலவிடலாம், எவற்றுக்கு முடியாது என்ற பட்டியல்கள் 2024 ஒக்டோபர் முதல் நடைமுறையில் உள்ளன. அவ்வாண்டின் திருத்தச் சட்டம், தேவை மதிப்பீட்டை அடிப்படையாகக் கொண்ட புதிய திட்டமிடல் முறைக்கும் வழிசெய்துள்ளது.

மாணவர் அடிக்கடி குழப்பிக்கொள்ளக்கூடிய ஒரு விடயம் உண்டு. குடும்பத்துடன் அமர்ந்து தகவல் திரட்டுபவர் பல வேளைகளில் பிரதேச இணைப்பாளரே ஆவார். அவருக்குத் திட்டத்தை அங்கீகரிக்கும் அதிகாரம் இல்லை. முகவரகத்தின் அதிகாரம் பெற்ற உத்தியோகத்தரே முடிவெடுப்பார். இதனால் தம்மை ஒருபோதும் காணாத ஒருவர் தம் வாழ்வைத் தாளில் தீர்மானிக்கின்றார் என்ற முறைப்பாடு அங்கு நெடுங்காலமாக உண்டு. அம்முறைப்பாடு நியாயமானதே. சிறுமியின் தாய் தயங்கிய அந்தக் கணம் அறிக்கைப் படிவத்தில் தெரிவதில்லை அல்லவா?

இதற்குப் பரிகாரமும் உண்டு. முடிவில் திருப்தியற்றவர் 3 மாதங்களுக்குள் உள்ளக மீளாய்வு கோரலாம். முதலில் தீர்மானித்தவரல்லாத வேறோர் உத்தியோகத்தர் அதனைப் பரிசீலிப்பார். அதன் பின்னரும் உடன்படாதவர் நிருவாக மீளாய்வு நியாயசபைக்குச் செல்லலாம். ஆங்கிலம் அறியாதோர் சந்திப்பின்போது இலவச மொழிபெயர்ப்பாளரைக் கேட்டுப் பெறலாம். அங்கு வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கும் இவ்வுரிமை உண்டு.

மாதிரி வினா: "திட்டமிடலாளர் நிதியை மட்டும் பங்கிடுபவர் அல்லர்." இக்கூற்றை இரு உதாரணங்கள் மூலம் விளக்குக. (விடையில் நிதி வகைகளை மட்டும் வரிசைப்படுத்துவது போதாது. திட்டமிடலாளர் எழுப்பும் வினாக்கள் திட்டத்தை எவ்வாறு மாற்றுகின்றன என்பதையும் காட்டுக.)