யாழ்ப்பாணச் சிறையில் நம்மவரைப் பார்க்க வருபவர் யார்?



இராமேசுவரம் தீவிலும் மண்டபம் கரையிலும் பணியாற்றும் பங்குத்தந்தையருக்கு ஒருவகை விடியற்காலைத் தொலைபேசி நன்கு பழக்கமானது. வாரத்தில் மூன்று நாள் கடலுக்குப் போகும் விசைப்படகுகள் மறுநாள் காலை கரை திரும்பும்போது ஒன்றோ இரண்டோ குறைகின்றன. "சாமி, படகைப் பிடிச்சுட்டாங்களாம்" என்று யாராவது சொல்வார்கள். பொழுது விடிவதற்குள் நாலைந்து பெண்கள் பங்கு இல்லத்தின் திண்ணையில் வந்து அமர்ந்துவிடுவார்கள். அவர்கள் முதலில் கேட்பது, "எப்ப விடுவாங்க?" என்பது. அதற்கு என்னிடம் பதில் கிடையாது. சற்று நேரம் கழித்து, அழுகை ஓய்ந்தபின், "அங்க அவுகளுக்குன்னு யாரு சாமி இருக்கா?" என்று கேட்பார்கள். இதற்குப் பதில் உண்டு. ஆனால் நம் மக்களில் பலருக்கு அது தெரியவில்லை. அதனால்தான் இக்கட்டுரை.

அங்கே அவர்களுக்கென்று இருப்பது இந்தியத் துணைத் தூதரகம். 'தூதரகம்' என்றதும் விசா வாங்கும் இடம் என்றே நம்மில் பலர் நினைக்கிறோம். ஒரு நாட்டின் தலைநகரில் இருக்கும் தூதரகம் அரசோடு அரசு பேசுவதற்கானது. துணைத் தூதரகமோ அந்த நாட்டில் இருக்கும் தன் குடிமக்களுக்கானது: கடவுச்சீட்டு தொலைந்தவர், மருத்துவமனையில் கிடப்பவர், கைதானவர், இறந்துபோனவர் என எல்லாருடைய காரியத்தையும் அது பார்க்கிறது. இந்தியாவும் இலங்கையும் காமன்வெல்த் நாடுகள் என்பதால் கொழும்பில் இருப்பதற்கு 'உயர் ஆணையம்' என்று பெயர். இலங்கைத் தமிழர் அதை 'உயர் ஸ்தானிகராலயம்' என்பர். யாழ்ப்பாணத்தில் இந்தியத் துணைத் தூதரகம் திறக்கப்பட்டது 2010 நவம்பரில்தான். அதற்குமுன் வடபகுதியில் கைதான நம் மீனவரைப் பார்க்க, சுமார் 400 கிலோமீட்டர் தொலைவில் உள்ள கொழும்பிலிருந்து அதிகாரி வரவேண்டும். (திருத்தந்தையின் தூதர்களும் இதே தூதுவர் வரிசையில் சேர்ந்தவர்களே. 1961ஆம் ஆண்டின் வியன்னா உடன்படிக்கை அவர்களுக்கும் மற்ற நாட்டுத் தூதுவர்களுக்கும் ஒரே தகுநிலை தருகிறது.)

இன்னொரு வியன்னா உடன்படிக்கைதான் நமக்கு முக்கியம். 1963இல் உருவான அது துணைத் தூதரக உறவுகளைப் பற்றியது. இந்தியாவும் இலங்கையும் அதை ஏற்றுக்கொண்டவை. அதன் 36ஆம் பிரிவு சொல்வதன் சாரம் இது: அயல்நாட்டவர் ஒருவரைக் கைது செய்தால், உம் நாட்டுத் தூதரகத்துக்குச் சொல்லச் சொல்லிக் கேட்கும் உரிமை உமக்கு உண்டு என்று அவருக்குத் தாமதமின்றி அறிவிக்க வேண்டும், அவர் கேட்டால் தூதரகத்துக்குத் தகவல் தர வேண்டும், தூதரக அதிகாரி சிறைக்குச் சென்று அவரைச் சந்திக்கலாம், பேசலாம், கடிதம் பெறலாம், வழக்கறிஞரை அமர்த்தித் தரலாம். இது அரசுகள் ஒன்றுக்கொன்று காட்டும் மரியாதை மட்டும்தானா, சிறையில் இருக்கும் மனிதனின் உரிமையா என்ற கேள்வி பின்னர் எழுந்தது. இந்த உரிமை சொல்லப்படாமலேயே இரண்டு ஜெர்மானியச் சகோதரர்கள் அமெரிக்காவில் 1999இல் மரணதண்டனைக்கு உள்ளானார்கள். 2001இல் பன்னாட்டு நீதிமன்றம், அது அந்தத் தனிமனிதர்களின் உரிமையும்தான் என்று தீர்ப்பளித்தது. ஆகவே நம் மீனவர் அதிகாரியைப் பார்க்கவேண்டும் என்று கேட்கும்போது சலுகை கேட்கவில்லை.

இப்படிக் கேட்பதில் நம்மில் சிலருக்கு ஒரு கூச்சம் இருக்கிறது. "தப்புன்னு பிடிச்சிருக்காங்க, நாம எந்த முகத்தோட போயி கேக்குறது?" என்று ஒரு பெரியவரே என்னிடம் சொன்னார். திருத்தூதர் பவுலுக்கு அந்தக் கூச்சம் இருந்ததில்லை. எருசலேமில் அவரைச் சாட்டையால் அடிக்கக் கட்டியபோது, விசாரணையின்றி ஓர் உரோமைக் குடிமகனை அடிக்கலாமா என்று அருகில் நின்ற நூற்றுவர் தலைவரைக் கேட்டார். அடிக்க வந்தவர்கள் விலகிப் போனார்கள் (திப 22:25-29). பிலிப்பியில் இரகசியமாக விடுதலை செய்ய முயன்றபோது, நடுவர்களே நேரில் வந்து எங்களை வெளியே அழைத்துப் போகட்டும் என்றார் (திப 16:37). பெஸ்துவின் முன் சீசரிடம் மேல்முறையீடு செய்தார் (திப 25:11). நற்செய்திக்காகப் பாடுபடத் தயாராக இருந்த அதே மனிதர், தம் குடியுரிமையைத் தேவைப்பட்டபோது பயன்படுத்தினார். தம்மை விலங்கிடப்பட்ட தூதுவர் என்று எபேசியருக்கு எழுதியவரும் அவரே (6:20).

சரி, நடைமுறையில் என்ன நடக்கிறது? நெடுந்தீவுக்கோ தலைமன்னாருக்கோ அருகில் இலங்கைக் கடற்படை படகைப் பிடித்தால் மீனவர்களைக் கரைக்குக் கொண்டுசென்று மீன்வளத்துறை அதிகாரிகளிடம் ஒப்படைக்கிறது. அவர்கள் ஊர்காவற்றுறை, மன்னார் போன்ற ஊர்களின் நீதிமன்றத்தில் நிறுத்தப்படுகிறார்கள். நீதிபதி 'விளக்கமறியல்' என்று உத்தரவிடுவார். அந்தச் சொல்லைத் தொலைக்காட்சியில் கேட்டுத் தண்டனையே கொடுத்துவிட்டார்கள் என்று மயங்கி விழுந்த தாயை நான் பார்த்திருக்கிறேன். நாம் 'நீதிமன்றக் காவல்' என்பதை அவர்கள் அப்படிச் சொல்கிறார்கள், அவ்வளவுதான். இதற்கிடையில் துணைத் தூதரக அதிகாரிகள் சிறைக்குச் சென்று பார்க்கிறார்கள். மாற்று உடை, சோப்பு, பற்பசை போன்றவற்றைத் தருகிறார்கள், உடல்நிலையை விசாரிக்கிறார்கள், வழக்கறிஞருக்கு ஏற்பாடு செய்கிறார்கள். விடுதலையானபின் பெரும்பாலும் கொழும்பிலிருந்து சென்னைக்கு விமானத்தில் அனுப்புகிறார்கள். நம் மீனவர் யாரும் கடவுச்சீட்டோடு கடலுக்குப் போவதில்லையே! அதற்காகத் தூதரகம் தருவதே 'எமர்ஜென்சி சர்டிபிகேட்' என்னும் தற்காலிகப் பயண ஆவணம். ஊர் திரும்ப ஒருமுறை மட்டும் அது செல்லும்.

இந்த ஆவணம் கிடைப்பதில்தான் நம் பக்கத்தின் வேலை இருக்கிறது. பிடிபட்டவர் இந்தியக் குடிமகன்தான் என்று இங்கிருந்து உறுதிசெய்யாமல் அதைத் தர இயலாது. ஆதார் நகல், மீனவர் அடையாள அட்டை, குடும்ப அட்டை, வாக்காளர் அட்டை ஆகியவற்றை வீட்டார் மீன்வளத்துறை அலுவலகத்தில் ஒப்படைக்க, அது மேலே செல்கிறது. படகு மீன்பிடி டோக்கன் வாங்கிப் போயிருந்தால் யார் யார் அதில் இருந்தார்கள் என்பது அலுவலகத்திலேயே இருக்கும். டோக்கனில் ஒரு பெயர், படகில் வேறு ஆள் என்றால் சிக்கல்தான். கடைசி நேரத்தில் ஆள் மாறுவது நம் ஊரில் சாதாரணம் என்பதை நானும் அறிவேன். படகு உரிமையாளர்கள் இதில் கவனமாக இருக்கவேண்டும்.

தூதரகத்தின் உதவி எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்குத் தங்கச்சிமடத்தாருக்கு 2014ஐ நினைவூட்டினால் போதும். 2011 நவம்பரில் கைதான ஐந்து மீனவர்களுக்கு, போதைப்பொருள் கடத்தியதாகக் கூறி, 2014 அக்டோபர் 30 அன்று கொழும்பு உயர்நீதிமன்றம் மரணதண்டனை விதித்தது. இலங்கையில் 1976க்குப்பின் யாரும் தூக்கிலிடப்படவில்லை என்று அன்று எடுத்துச் சொன்னால் கேட்கும் நிலையில் யாரும் இல்லை. ஊர் கொந்தளித்தது, பேருந்து எரிந்தது, தண்டவாளம் பெயர்க்கப்பட்டது. அதேவேளையில் கொழும்பில் இந்திய உயர் ஆணையம் வழக்கறிஞர்கள் மூலம் மேல்முறையீடு செய்தது. இரு நாட்டுத் தலைவர்களும் பேசினார்கள். நவம்பர் 19 அன்று ஐவரும் விடுவிக்கப்பட்டனர். தீர்ப்பு நாளிலிருந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. நம் செபமும் அதில் இருந்தது என்று நம்புகிறேன். பேருந்தை எரித்ததால் ஏதும் நடந்ததாக நான் நம்பவில்லை.

எல்லா வழக்கும் இப்படி முடிவதில்லை என்பதையும் சொல்லியாகவேண்டும். தூதரக அதிகாரி அந்நாட்டு நீதிபதிக்குக் கட்டளையிட முடியாது. முதன்முறை பிடிபட்டவர்களை ஒத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனையோடு அனுப்புவது வழக்கமாக இருந்தது. அந்தக் காலத்துக்குள் மீண்டும் பிடிபட்டால் சிறைதான். படகோட்டிகளுக்கு அபராதமும் பெரிது. 2017இல் இலங்கை இழுவை வலையைத் தடைசெய்தது. 2018இல் அயல்நாட்டுப் படகுகளுக்கான அபராதத்தைப் பன்மடங்கு உயர்த்தியது. 2024இல் மட்டும் ஐந்நூறுக்கும் மேற்பட்ட இந்திய மீனவர் கைதானார்கள். சிலருக்குச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டதை எதிர்த்து, அவ்வாண்டு பிப்ரவரியில் கச்சத்தீவு புனித அந்தோணியார் திருவிழாவுக்கு இராமேசுவரத்திலிருந்து படகுகள் செல்லவில்லை. கடவுச்சீட்டும் விசாவும் இல்லாமல் நாம் போய் இறங்கும் அயல்நாட்டு மண் அது. அங்கு திருப்பலி நிறைவேற்றும் யாழ்ப்பாண மறைமாவட்டத்து மக்களும் பெரும்பாலும் மீனவர்களே. போரால் பல ஆண்டுகள் கடலை இழந்தவர்கள், இப்போது நம் இழுவை வலைகளால் தங்கள் வலைகள் கிழிவதாகக் கண்ணீரோடு சொல்கிறார்கள். அவர்களும் அதே அந்தோணியாரிடம்தான் மன்றாடுகிறார்கள். இந்தச் சிக்கலை எந்தத் தூதரகமும் தனியாகத் தீர்க்க முடியாது.

அதே ஆண்டு ஆகஸ்ட் 1 அன்று நெடுந்தீவு அருகே இலங்கைக் கடற்படைக் கலமும் இராமேசுவரம் படகும் மோதியதில் ஒருவர் இறந்தார், ஒருவர் காணாமல்போனார். அன்று யாழ்ப்பாணத் துணைத் தூதரக அதிகாரிகள் காங்கேசன்துறைக்கு விரைந்தார்கள். உயிர்தப்பிய இருவரும் இறந்தவரின் உடலும் ஓரிரு நாளில் ஊர் வந்து சேர்ந்தனர். உடலை மண்ணில் அடக்கம் செய்ய முடிவது எத்தனை பெரிய ஆறுதல் என்பது கடலோரத்தில் வாழ்பவர்களுக்குத்தான் தெரியும்.

இலங்கை தவிர, நம் மாவட்டத்துப் பிள்ளைகள் வளைகுடா நாடுகளிலும் பெருமளவில் வேலை செய்கிறார்கள், மீன்பிடிக்கவும் போகிறார்கள். 2020இல் கொரோனா ஊரடங்கில் ஈரானில் சிக்கித் தவித்தவர்களில் தமிழக மீனவர்கள் பலர். தூதரகத்தின் ஏற்பாட்டில் கடற்படைக் கப்பல் ஜலஷ்வா அவர்களை ஏற்றிக்கொண்டு ஜூலை 1 அன்று தூத்துக்குடி வந்தது. சம்பளம் தராத முதலாளி, கடவுச்சீட்டைப் பிடுங்கிவைத்தவர், தங்க இடமில்லாத நிலை என்றால் அங்குள்ள இந்தியத் தூதரகத்தை அணுகலாம். 2009இல் தொடங்கிய இந்தியச் சமூக நல நிதியிலிருந்து தங்குமிடம், உணவு, விமானச்சீட்டு, சட்ட உதவி, உடலை ஊருக்கு அனுப்பும் செலவு ஆகியவற்றைத் தகுதியுள்ள ஏழைகளுக்குத் தர வழியிருக்கிறது. வீட்டிலிருப்பவர்கள் 2015இல் வெளியுறவு அமைச்சகம் தொடங்கிய 'மதத்' இணையதளத்தில் புகார் பதியலாம். அதில் கடவுச்சீட்டு எண்ணைக் கேட்பார்கள். மகன் போய் ஐந்து வருடமாகியும் அந்த எண் வீட்டில் இல்லாத குடும்பங்கள் நம் பங்கில் எத்தனை! பத்தாம் வகுப்பு தேறாதவர்கள் வளைகுடா வேலைக்குப் போகுமுன் குடிபெயர்வு அனுமதி பெறவேண்டும். சுற்றுலா விசாவில் அனுப்புகிறேன் என்னும் தரகர் அந்த அனுமதியை மறைக்கிறார் என்று பொருள். அப்படிப் போனவரைத் தூதரகம் கைவிடுவதில்லை. ஆனால் அவர் எங்கே, யாரிடம் வேலை செய்கிறார் என்று தேடுவதற்கே மாதங்கள் கழிந்துவிடும்.

ஆகவே அன்பியக் கூட்டங்களில் ஒரு வேண்டுகோள் வைத்திருக்கிறேன். கடலுக்கோ வெளிநாட்டுக்கோ போகும் ஒவ்வொருவரின் ஆதார், மீனவர் அட்டை, கடவுச்சீட்டு ஆகியவற்றின் நகல், வேலை ஒப்பந்தம், முதலாளியின் பெயர், சமீபத்துப் புகைப்படம் எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு வீட்டுப் பெண்களிடம் கொடுத்துவையுங்கள். பீரோவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு கடலுக்குப் போனவரின் மனைவி பூட்டை உடைத்த கதையெல்லாம் நமக்குத் தெரியும். போன மாதம் வீடு மந்திரிக்கப் போன இடத்தில் ஒரு பாட்டி என்னை உள்ளே அழைத்துப்போய், சுவரில் மாட்டியிருந்த அந்தோணியார் படத்தைச் சற்றே விலக்கிக் காட்டினார். பின்னால் அந்த உறை இருந்தது. "மூணு பேரனுக்கும் இருக்கு சாமி, சரியா இருக்கான்னு பாருங்க" என்றார். ஒன்றில் மட்டும் புகைப்படம் இல்லை.