வௌவாலும் காட்டுப் பன்றியும்

சேலம், நாமக்கல் வட்டாரங்களில் சங்க அலுவலாகச் செல்லும்போது, இரண்டு பிராணிகளைப் பற்றிய முறையீட்டை நாம் அடிக்கடி கேட்கிறோம். மரவள்ளி பயிரிடுவோர் காட்டுப் பன்றியைக் குறை கூறுகின்றனர். கொய்யா, மா, சப்போட்டா வைத்திருப்போர் பழந்தின்னி வௌவாலைக் குறை கூறுகின்றனர். இரண்டும் இரவில் வந்து விளைவைத் தின்பவையாதலால், இரண்டையும் ஒன்றாகவே கருதி ஒழிக்க எண்ணுவோர் உண்டு. அது சரிதானா என்று ஆராய்வோம்.

இரண்டும் குட்டி ஈன்று பாலூட்டும் இனத்தைச் சேர்ந்தவை. ஒற்றுமை ஏறக்குறைய அத்துடன் முடிகிறது. பாலூட்டிகளில் உண்மையாகப் பறக்க வல்லது வௌவால் இனம் ஒன்றே. பழந்தின்னி ஒரு கிலோவுக்கு முன்பின் எடையுள்ளது. சிறகை விரித்தால் 4 அடி இருக்கும். பூச்சி தின்னும் சிறு வௌவால்களைப்போல் இது எதிரொலியால் வழி அறிவதில்லை. பெரிய கண்களாலும் மோப்பத்தாலும் பழத்தைக் கண்டுகொள்கிறது. காட்டுப் பன்றிக்கோ கண் பார்வை மந்தம். மோப்பமும் மூக்கின் வலிமையுமே அதன் கருவிகள். மண்ணுக்குள் மறைந்திருக்கும் கிழங்கையும் நிலக்கடலையையும் அது எளிதில் தோண்டி எடுத்துவிடும்.

நஷ்டத்தின் தன்மையும் வேறு. வௌவால் பழத்தைத் தின்றாலும் மரம் நிற்கிறது. அடுத்த பருவத்தில் மீண்டும் காய்க்கும். பன்றியோ செடியையே பெயர்த்துவிடுகிறது. ஏறக்குறைய 10 மாதம் காத்த மரவள்ளி ஓரிரவில் அழிந்தால், அந்தக் குடியானவரின் கடன் தவணையும் தவறுகிறது. சவ்வரிசி ஆலைக்குப் போகும் கிழங்கும் குறைகிறது. 1981-இல் சேலத்தில் ஏற்பட்ட சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கத்தின் ஆதாரமே இக்கிழங்குதான்.

எல்லாவற்றிலும் முக்கியமான வேற்றுமை இனப்பெருக்கத்தில் உள்ளது. பழந்தின்னி பெரும்பாலும் ஆண்டுக்கு ஒரே குட்டிதான் ஈனும். காட்டுப் பன்றி ஓர் ஈற்றில் 4 முதல் 6 குட்டிகள் வரை ஈனும். 10 பெண் வௌவால்களுக்கு ஆண்டில் 10 குட்டிகள் என்றால், 10 பெண் பன்றிகளுக்கு ஏறக்குறைய 50 குட்டிகள். ஆகவே, ஓர் ஆலமரத்தை வெட்டி வௌவால் கூட்டத்தை அழித்தால் அவ்வினம் மீளப் பல ஆண்டுகள் ஆகும். அந்த நஷ்டம் நமக்கும் உண்டு. இலுப்பை, ஆல், அத்தி முதலியவற்றின் விதைகளை வெகு தூரம் கொண்டு சென்று பரப்புவதும், இரவில் மலரும் பூக்கள் சிலவற்றில் மகரந்தம் சேர்ப்பதும் வௌவாலே. இதை உணர்ந்தோ என்னவோ, தமிழ்நாட்டின் சில ஊர்களில் வௌவால்களுக்காகத் தீபாவளியன்றும் வெடி வெடிப்பதில்லை.

1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பழந்தின்னி வௌவாலை எலியோடும் காக்கையோடும் சேர்த்துத் தீங்குயிர்ப் பட்டியலில் வைத்திருந்தது. 2022-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் அப்பட்டியலே நீக்கப்பட்டது. காட்டுப் பன்றியையும் குடியானவர் தாமாகக் கொல்லுதல் கூடாது. 2025 ஜனவரியில் மாநில அரசு அறிவித்த ஏற்பாட்டின்படி, காப்புக்காட்டு எல்லையிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் பன்றியைச் சுடக்கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விடவேண்டும். அதற்கு அப்பால் வன இலாகாவினர் சுடலாம்.

பரிகாரமும் இருவகைப்படும். பழத்தோட்டத்தில் வலை கட்டுதல், குலைகளுக்குப் பை இடுதல், நன்கு பழுக்குமுன் பறித்தல் ஆகியவை போதும். வௌவால் கடித்த பழத்தை மட்டும் உண்ணலாகாது. கேரளத்தில் 2018-இல் பரவிய நிபா நோய்க்கிருமியின் இயற்கை உறைவிடம் இப்பிராணியே. பன்றிக்கு வலையும் பையும் பயன்படா. வயலைச் சுற்றிப் பழைய சேலைகளைக் கட்டுவது நம் நாட்டில் பலரும் கையாளும் முறை. நெசவாளர் நெய்த துணி உடுத்தித் தேய்ந்த பின்னும் குடியானவருக்கு உதவுகிறது! ஆனால் பன்றி நாளடைவில் அதற்குப் பழகிவிடும். ஆகையால் இரவுக் காவலும் வேண்டும்.

மின்கம்பியிலிருந்து நேரே மின்சாரம் எடுத்து வேலியில் பாய்ச்சுவதை மட்டும் எவரும் செய்தலாகாது. இருட்டில் நீர் பாய்ச்சப் போகும் அண்டை வயல்காரரின் உயிருக்கே அது எமனாகும். சூரிய சக்தி வேலி அமைப்போரும் 2023-ஆம் ஆண்டு விதிகளின்படி பதிவு செய்துகொள்ள வேண்டும். தனி ஒருவர் வேலியிட்டால் பன்றி அடுத்த வயலுக்குப் போகும். ஆதலால் அடிவாரக் கிராமங்களின் அங்கத்தினர்கள் ஒன்றுகூடி வேலிச் செலவையும் காவல் முறையையும் பங்கிட்டுக்கொள்வதும், சேதம் நேர்ந்தால் உடனே வன இலாகாவில் இழப்பீட்டு மனு கொடுப்பதும் நலம். அடுத்த சங்கக் கூட்டத்திலேயே இதனை எடுத்துப் பேசுமாறு கேட்டுக்கொள்கிறோம்.