கை மெலிந்தால் எதற்கு ஊசிப் பரிசோதனை?

பொன்னமராவதி பக்கத்துக் கிராமங்களில் நடுத்தர வயதைத் தாண்டிய ஒருவருக்குக் கைப்பிடி தளர்ந்து, கட்டைவிரல் மேட்டுச் சதை வற்றத் தொடங்கினால், முதலில் அதற்கு வைக்கும் பெயர் 'நரம்புத் தளர்ச்சி'. அடுத்தது 'கழுத்தெலும்பு தேய்மானம்'. ஐம்பது வயதுக்கு மேல் ஸ்கேன் எடுத்தால் பெரும்பாலோருக்குக் கழுத்தில் கொஞ்சம் தேய்மானம் தெரியத்தான் செய்யும். பல நேரம் தேடல் அதோடு நின்றுவிடுகிறது.

வலியோ மரமரப்போ இல்லாமல் கை மட்டும் மெலிந்துகொண்டே போனால் மோட்டார் நியூரான் நோயையும் நினைத்துப் பார்க்க வேண்டும். தசைகளை இயக்கும் நரம்பணுக்கள் மூளையிலும் தண்டுவடத்திலும் கொஞ்சம் கொஞ்சமாக மடியும் நோய் இது. ஸ்டீபன் ஹாக்கிங்குக்கு 1963-ல், 21 வயதில் கண்டறியப்பட்டது இதுதான். அவரைப் போல நெடுங்காலம் வாழ்பவர்கள் மிகக் குறைவு; பலருக்கும் அறிகுறி தொடங்கியபின் கிடைப்பது 3 முதல் 5 ஆண்டுகள். நோயை உறுதிசெய்யவே ஏறக்குறைய ஓராண்டு ஓடிவிடுகிறது என்பதுதான் கொடுமை.

இ.எம்.ஜி. எனும் ஊசிப் பரிசோதனை இங்கேதான் உதவுகிறது. "கரண்ட் வைப்பார்களாம்" என்று பயந்து தள்ளிப்போடுபவர்கள் உண்டு. முதல் பாதியான நரம்புக் கடத்தல் சோதனையில் தோல் மீது சிறு மின் அதிர்ச்சி கொடுப்பது உண்மைதான், சுண்டினாற்போல் இருக்கும். இதையும் விட்டுவிடக் கூடாது. மோட்டார் நியூரான் நோய் போலவே தோன்றி, இம்யூனோகுளோபுலின் மருந்தால் தேறக்கூடிய ஒரு நரம்பு நோயை இந்தச் சோதனைதான் பிரித்துக் காட்டும். இரண்டாம் பாதியில் தசைக்குள் செல்லும் மெல்லிய ஊசி எந்த மின்சாரத்தையும் செலுத்துவதில்லை. தசையின் மின்னோட்டத்தைக் கேட்க மட்டுமே செய்கிறது.

ஓய்வில் இருக்கும் நல்ல தசையில் சத்தமே இருக்காது. நரம்பு அறுந்துபோன தசைநார்களோ தாமாகத் துடிக்கும். ஒலிபெருக்கியில் அது தகரக் கூரையில் மழைத்துளி விழுவதுபோல் கேட்கும். கையை மடக்கச் சொன்னால் இன்னொன்று தெரியும்: எஞ்சிய நரம்பணுக்கள் அநாதையான தசைநார்களையும் சேர்த்துத் தாங்குவதால், திரையில் அலைகள் எண்ணிக்கையில் குறைந்து, உயரத்தில் பெருத்திருக்கும். இந்த ஈடுகட்டலால்தான் பாதிக்கப்பட்ட தசையும் சில காலம் பலமாகவே தோன்றுகிறது. வெளியே தெரியாத சேதத்தை ஊசி காட்டிவிடும்.

"கை நோய்க்கு நாக்கிலும் முதுகிலும் எதற்கு ஊசி?" என்று வீட்டார் கேட்பது நியாயம்தான். கழுத்தெலும்புத் தேய்மானம் கை நரம்புகளைக் கெடுக்கலாம். நாக்கையும் நடுமுதுகுத் தசையையும் அது கெடுக்காது. அங்கேயும் சேதம் இருந்தால் நோய் கழுத்தோடு நிற்கவில்லை என்று பொருள். வேண்டாத கழுத்து அறுவை சிகிச்சையிலிருந்து ஒருவரைக் காப்பாற்றுவதும் இந்த ஊசிதான்.

ஆனால் இ.எம்.ஜி. தனியாகத் தீர்ப்பு எழுதாது. மூளையிலிருந்து இறங்கும் நரம்பணுக்களின் சேதம் அதில் தெரியாது. அதற்கு மருத்துவரின் ரிஃப்ளெக்ஸ் சுத்தியல் வேண்டும். வயதும் முக்கியம். 1970-ல் மீனாட்சிசுந்தரம், ஜகந்நாதன், ராமமூர்த்தி ஆகியோர் சென்னையில் கண்ட இளம் வயது நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். பின்னாளில் உலகம் அதை 'மெட்ராஸ் மோட்டார் நியூரான் நோய்' என்றே அழைத்தது. கை கால் மெலிவோடு பலருக்குக் காதும் மந்தமாகும். ஆனால் நோய் மிக மெதுவாகவே நகரும், பல பத்தாண்டுகள் வாழ்பவர்கள் உண்டு. 1984-ல் பெங்களூரு நிம்ஹான்ஸில் கௌரி தேவி குழுவினர் விவரித்த நோயில் இளைஞர்களுக்கு ஒரு கையோ காலோ மட்டும் மெலியும். பெரும்பாலும் சில ஆண்டுகளில் தானே நின்றுவிடும். ஊசியில் இவற்றிலும் நரம்புச் சேதமே தெரியும். எனவே ரிப்போர்ட்டில் ஒரு வரியைப் படித்துவிட்டு வீட்டில் யாரும் இடிந்துபோக வேண்டாம்.

தசை துடித்தாலே இந்த நோய் என்றும் பயப்படாதீர்கள். பலவீனமோ மெலிவோ இல்லாத வெறும் துடிப்பு பெரும்பாலும் ஆபத்தற்றது. ஆரம்பத்தில் சோதனை தெளிவாக இல்லாவிட்டால் சில மாதம் கழித்து மறுபடி செய்வார்கள்.

சோதனைக்கு வெறும் வயிறு தேவையில்லை. அன்று உடம்பில் எண்ணெய் தேய்க்காமல் போங்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிட்டாலோ பேஸ்மேக்கர் இருந்தாலோ முதலிலேயே சொல்லுங்கள். இங்கிருந்து மதுரை அரசு இராசாசி மருத்துவமனைக்குப் போனால் அங்கே நரம்பியல் துறை இருக்கிறது. சட்டைப் பொத்தான் போடவும் சாவி திருகவும் விரல் மறுத்து, மாதத்துக்கு மாதம் அது கூடினால், எண்ணெய்த் தடவலில் நாளைக் கடத்தாமல் நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள்.