உறைந்த சைவ உணவும் அதன் சத்துப் பட்டியலும்

பினாங்கின் ஜார்ஜ் டவுன் பேரங்காடிகளின் உறைபனிப் பெட்டிகளில் ரொட்டி சானாய், சப்பாத்தி, சமோசா, பச்சைப் பட்டாணி, சோயாவில் செய்த சைவ மட்டன் எனச் சைவப் பண்டங்கள் பல கிடைக்கின்றன. இவற்றை வாங்குவோரில் தைப்பூசத்துக்கும் புரட்டாசிக்கும் விரதம் இருக்கும் தமிழர்கள் உண்டு. சீன நாட்காட்டியின் ஒன்பதாம் மாதத்தில் ஒன்பது பேரரசர் தெய்வங்களின் விழாவுக்காகச் சைவத்துக்கு மாறும் சீனர்களும் உண்டு. இரு சாராரின் சைவமும் ஒன்றல்ல. தமிழ்ச் சைவத்தில் வெங்காயம், பூண்டு, பால் சேரும், முட்டை சேராது. சீனர்களின் பௌத்த வழிச் சைவத்தில் வெங்காயமும் பூண்டும் விலக்கு. முட்டையைச் சிலர் ஏற்பார்கள். ஆகவே பொட்டலத்தின் முகப்பில் பெரிய எழுத்தில் இருக்கும் 'வெஜிடேரியன்' என்ற சொல்லைவிடப் பின்பக்கத்துச் சிறிய எழுத்துகளே வாங்குபவருக்கு அதிகம் பயன்படும்.

உறைய வைப்பதால் உணவு கெட்டுவிடும் என்ற அச்சத்துக்கு அடிப்படை இல்லை. மெதுவாக உறைந்தால் உணவிலுள்ள நீர் பெரிய பனிப்படிகங்களாகி, காய்கறியின் செல் சுவர்களைக் கிழித்துவிடும். விரைவாக உறைந்தால் படிகங்கள் சிறியவையாக இருக்கும். உணவின் பதம் குலையாது. அமெரிக்கரான கிளாரன்ஸ் பேர்ட்ஸ்ஐ 1920களில் தொழில்முறைக்குக் கொண்டுவந்த விரைவு உறையல் இந்த அடிப்படையில்தான் இயங்குகிறது. காய்கறிகளை உறைய வைக்குமுன் சற்று நேரம் கொதிநீரிலோ ஆவியிலோ காட்டுவார்கள். அப்போது வைட்டமின் சி கொஞ்சம் குறையும். அதன்பின் மைனஸ் 18 டிகிரி செல்சியஸில் வைத்திருக்கும் வரை இழப்பு மெதுவாகவே நடக்கும். பினாங்கு வெயிலில் கடைக்கும் வீட்டுக்கும் இடையே உருகி மறுபடி உறைவதுதான் உண்மையான கேடு. பட்டாணி உதிரியாக இல்லாமல் ஒரே கட்டியாக இருந்தாலோ, பைக்குள் பனித்துகள் அப்பியிருந்தாலோ அந்தப் பொட்டலத்தைத் தவிர்ப்பது நல்லது.

மலேசியாவில் உணவு லேபிளை 1983ஆம் ஆண்டு உணவுச் சட்டமும் 1985ஆம் ஆண்டு உணவு விதிமுறைகளும் ஆள்கின்றன. மக்கள் பரவலாக உண்ணும் பல உணவு வகைகளுக்குச் சத்துப் பட்டியலைக் கட்டாயமாக்கும் திருத்தம் 2003இல் வந்தது. எரிசக்தி, மாவுச்சத்து, புரதம், கொழுப்பு ஆகியவற்றை 100 கிராமுக்கு எவ்வளவு, ஒரு பரிமாறலுக்கு எவ்வளவு என இரு பத்திகளில் தர வேண்டும்.

இந்த எண்கள் எப்படி வருகின்றன என்று தெரிந்தால்தான் அவற்றை எவ்வளவு நம்பலாம் என்பதும் தெரியும். ஆய்வகத்தில் உணவு மாதிரியை உலர்த்தி, இழந்த எடையை நீர் எனக் கொள்வார்கள். கரைப்பானில் கொழுப்பைப் பிரித்தெடுப்பார்கள். எரித்து, எஞ்சும் சாம்பலைத் தாதுப்பொருளாக எடுத்துக்கொள்வார்கள். புரதத்தை நேரடியாக அளப்பது அரிது. 1883இல் டென்மார்க்கின் ஜோஹான் கெல்டால் வகுத்த முறையில் நைட்ரஜனை அளந்து 6.25ஆல் பெருக்குவது வழக்கம். நீர், கொழுப்பு, சாம்பல், புரதம் நான்கையும் மொத்த எடையிலிருந்து கழித்தால் மிஞ்சுவது மாவுச்சத்து. பிற நான்கில் நேரும் பிழையெல்லாம் இதன் தலையில்தான் விழும். ஆய்வகத்துக்கே போகாமல், மூலப்பொருள்களின் சத்து மதிப்புகளை அட்டவணையிலிருந்து எடுத்துக் கூட்டிப் போடுவதும் உண்டு.

சைவ மட்டன் வாங்குவோர் புரத எண்ணைச் சற்றுக் கூர்ந்து பார்க்க வேண்டும். கோதுமைப் புரதத்துக்கும் சோயாவுக்கும் பொருந்தும் பெருக்கெண் ஏறத்தாழ 5.7. பொதுவான 6.25ஐப் போட்டால் புரதம் 10 விழுக்காடு வரை கூடுதலாகத் தெரியும். இதில் ஏமாற்று எதுவும் இல்லை. முறையின் இயல்பு அப்படி. ஆனால் நைட்ரஜனை அளப்பதைப் பயன்படுத்தி ஏமாற்றியவர்களும் உண்டு. 2008இல் சீனாவில் நீர் கலந்த பாலில் நைட்ரஜன் மிகுந்த மெலமைனைச் சேர்த்துப் புரதம் இருப்பதாகக் காட்டினார்கள், குழந்தைகள் இறந்தன. புரதத்தின் தரத்தைப் பற்றியும் பட்டியலின் புரத எண் எதுவும் சொல்லாது. கோதுமைப் புரதத்தில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு. பருப்போடு உண்டால் அக்குறை நீங்கும்.

அச்சிட்ட எண்ணுக்கும் உண்மைக்கும் எவ்வளவு தூரம் இருக்கும்? அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2010இல் வெளியிட்ட முடிவில், பேரங்காடிகளில் வாங்கிய 10 உறைந்த உணவுகளில் சராசரியாக 8 விழுக்காடு கூடுதல் கலோரி இருந்தது. உணவகப் பண்டங்களில் அது 18 விழுக்காடு. சிறிய ஆய்வுதான் என்றாலும், உறைந்த உணவின் பட்டியல் முற்றிலும் பொய்யும் அல்ல, துல்லியமும் அல்ல என்பதை அது காட்டியது.

எண்களை வீட்டிலேயே ஒருமுறை சரிபார்க்கலாம். மாவுச்சத்துக்கும் புரதத்துக்கும் கிராமுக்கு 4 கலோரி, கொழுப்புக்கு 9. ஒரு ரொட்டி சானாய் பொட்டலத்தில் 100 கிராமுக்கு மாவுச்சத்து 42, புரதம் 7, கொழுப்பு 14 கிராம் என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். 168, 28, 126 மூன்றையும் கூட்டினால் 322. பட்டியல் 320 என்றால் கணக்கு சரி. 250 என்றால் எங்கோ தவறு. இனி, ஒரு ரொட்டி 80 கிராம், 100 கிராமில் சோடியம் 400 மில்லிகிராம் என்றால், இரண்டு ரொட்டியில் 515 கலோரியும் 640 மில்லிகிராம் சோடியமும் சேரும். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு வகுத்த நாள் வரம்பு 2,000 மில்லிகிராம் சோடியம், அதாவது 5 கிராம் உப்பு. அதில் மூன்றில் ஒரு பங்கு, சாம்பார் ஊற்றுமுன்பே தீர்ந்துவிட்டது. 'ஒரு பரிமாறல் = 1 ரொட்டி' என்ற வரியைக் கவனிக்காதவருக்கு இது தெரியாமலே போகும். பெரும்பாலோர் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான்.

முகப்பில் பெருமையாகப் போடும் சொற்களுக்கும் அளவுகோல் உண்டு. திட உணவில் 'கொழுப்பு குறைவு' என்றால் 100 கிராமுக்கு 3 கிராமைத் தாண்டக் கூடாது. 'சோடியம் குறைவு' என்றால் 120 மில்லிகிராம். 'நார்ச்சத்து உள்ளது' என்று சொல்ல 3 கிராமாவது வேண்டும். 'இயற்கை', 'வீட்டுச் சுவை' போன்ற சொற்களுக்கு இப்படி எண்ணளவு ஏதும் இல்லை. சுகாதார அமைச்சு 2017இல் கொண்டுவந்த 'பிலிஹான் லெபே சிஹாட்' சின்னம், அதே வகையைச் சேர்ந்த பிற பொருள்களோடு ஒப்பிட்டுத் தரப்படுவது. அது இருப்பதால் எவ்வளவும் உண்ணலாம் என்று பொருளல்ல.

மூலப்பொருள் பட்டியல் எடை அதிகமானதில் தொடங்கிக் குறைந்ததில் முடியும். 'காய்கறி' சமோசாவில் மாவும் எண்ணெயும் முதலில் வந்தால் காய்கறி சொற்பமே. சைவர்கள் தேட வேண்டியது, 'கொண்டுள்ளது' என்ற பொருளில் மலாயில் 'மெங்காண்டுங்கி' என்று தொடங்கும் வரியை. முட்டை என்றால் 'தெலுர்', பால் என்றால் 'சூசு', மீன் என்றால் 'ஈக்கான்' என அங்கே எழுதியிருக்கும். சைவ இறைச்சி உதிராமல் சேர்ந்து நிற்க முட்டை வெள்ளைக்கரு சேர்ப்பது வழக்கமே. இந்தியாவிலிருந்து வரும் பொட்டலங்களில் சதுரத்துக்குள் பச்சைப் புள்ளி இருந்தால் முட்டை இல்லை என்று கொள்ளலாம்; பால் இருக்கக்கூடும்.

பட்டியல் பொய் சொல்வதாகச் சந்தேகம் எழுந்தால் உறையை எறிந்துவிட வேண்டாம். தொகுதி எண், காலாவதித் தேதி, கடை ரசீது மூன்றையும் சேர்த்து வைத்துக்கொண்டு மாநிலச் சுகாதாரத் துறையிடமோ, எஸ்.எம். முகமது இத்ரீஸ் பல ஆண்டுகள் வழிநடத்திய பினாங்கு பயனீட்டாளர் சங்கத்திடமோ எழுத்தில் புகார் கொடுங்கள்.