சைலன்சர் பிராக்கெட் உடைஞ்சிருச்சா? வெல்டிங் வைக்கிறதுக்கு முன்னாடி இதைப் படிங்க!

ஸ்பீடு பிரேக்கரில் ஏறி இறங்கும்போது பின்பக்கம் 'கடகட'வென்று ஒரு சத்தம். வண்டியை ஓரம்கட்டிக் குனிந்து பார்த்தால், சைலன்சரைத் தாங்கும் பிராக்கெட்டில் முடி அளவுக்கு ஒரு விரிசல். பட்டறையில் கொடுத்தால் சின்ன வேலைதான். ஆனால், கையில் தூக்கிச் செல்லும் அளவிலான இன்வெர்ட்டர் வெல்டிங் மெஷின்கள் இப்போது ஆன்லைனிலேயே கிடைக்கின்றன. அதனால், 'நாமளே வீட்ல வெச்சா என்ன?' என்ற யோசனை பலருக்கும் வருகிறது.

வைக்கலாம். ஆனால், விரிசல் ஏன் வந்தது என்று பார்க்காமல் அதை மட்டும் அடைத்தால், கொஞ்ச நாளில் வெல்டிங்குக்குப் பக்கத்திலேயே மறுபடி உடையும். அடுத்த முறை உடைவது பிராக்கெட்டாக இல்லாமல், என்ஜின் ஹெட்டில் இருக்கும் ஸ்டட்டாகவும் இருக்கலாம். அது செலவு வைக்கும் வேலை.

பிராக்கெட் ஏன் உடைகிறது?

சைலன்சருக்குப் பொதுவாக இரண்டு பிடிமானங்கள் உண்டு. முன்னால், பென்ட் பைப் என்ஜின் ஹெட்டில் நட்டு போட்டு முடுக்கப்பட்டிருக்கும். பின்னால், ஃபுட்ரெஸ்ட் அருகே ஒரு பிராக்கெட் வழியாக போல்ட் போட்டிருப்பார்கள். பல வண்டிகளில் இந்த போல்ட்டைச் சுற்றி ஒரு ரப்பர் புஷ் இருக்கும்.

என்ஜின் 6,000 ஆர்பிஎம்மில் ஓடினால், கிராங்க் ஒரு விநாடிக்கு 100 முறை சுற்றுகிறது. அதே வேகத்தில் ஒரு மணி நேரம் ஓட்டினால் 3,60,000 முறை. ஒவ்வொரு சுற்றின் அதிர்வும் பிராக்கெட்டை லேசாக வளைத்து நிமிர்த்துகிறது. கம்பியை மடக்கி மடக்கி நிமிர்த்தினால் 'பட்'டென்று உடையுமே, அதேதான் இங்கேயும் மெதுவாக நடக்கிறது. பழைய புல்லட் 350-ல் பிஸ்டன் 90 மி.மீ. ஏறி இறங்கும். அதிர்வைச் சமன்செய்யும் பேலன்சர் ஷாஃப்ட்டும் அதில் கிடையாது. அப்படிப்பட்ட வண்டிகளில் பிராக்கெட்டுக்கு வேலை இன்னும் அதிகம்.

இதோடு சூடும் சேர்கிறது. ஒரு மீட்டர் நீள இரும்புக் குழாய் 300 டிகிரி செல்சியஸ் கூடுதலாகச் சூடேறினால், ஏறக்குறைய மூன்றரை மி.மீ. நீளும். அந்த நீட்சிக்கும் அதிர்வுக்கும் கொஞ்சம் இடம்கொடுக்கத்தான் ரப்பர் புஷ். அது காய்ந்து நொறுங்கிவிட்டால், அசைவு முழுவதையும் பிராக்கெட்டே தாங்க வேண்டியிருக்கும்.

வெல்டிங்குக்கு முன் மூன்று செக்

ஒன்று, ரப்பர் புஷ். நைந்திருந்தால் மாற்றிவிடுங்கள். அதற்குள் இருக்கும் இரும்பு காலர் காணாமல் போயிருந்தால், போல்ட்டை முடுக்கும்போது ரப்பர் நசுங்கிப்போகும். அதன் பிறகு அது இருந்தும் பிரயோஜனம் இல்லை.

இரண்டு, முன்பக்க நட்டுகள். அங்கே லூசாக இருந்தால், சைலன்சரின் மொத்த ஆட்டமும் பின் பிராக்கெட்டுக்கு வந்துவிடும்.

மூன்று, துளைகள் நேராக இருக்கின்றனவா? பின் போல்ட்டைக் கழற்றியதும் சைலன்சர் ஒரு பக்கமாகத் துள்ளி விலகினால், அதை இழுத்துப் பிடித்து மாட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். வண்டி நிற்கும்போதே பிராக்கெட் இழுவையில்தான் இருக்கிறது.

எதை வீட்டில் வைக்கலாம்?

சைலன்சரோடு கழற்றி எடுக்கக்கூடிய, ஏறக்குறைய 3 மி.மீ. தடிமனுள்ள சாதாரண இரும்பு பிராக்கெட் என்றால் வீட்டில் வைக்கலாம். கீழே உள்ளவை வேண்டாம்:

• சேஸி ஃபிரேம்: சூட்டில் அதன் வலு மாறும், வளையவும் செய்யும். இது அனுபவசாலிகளின் வேலை.

• அலுமினிய ஃபுட்ரெஸ்ட் பிராக்கெட்: காந்தம் ஒட்டாது, லேசாக இருக்கும். சாதாரண ராடு இதில் பிடிக்காது. டிக் வெல்டிங் தெரிந்தவரிடம் கொடுங்கள், அல்லது புதிது வாங்குங்கள்.

• சைலன்சரின் மெல்லிய வெளித்தகடு: கை பழகாதவர்கள் வைத்தால் ஓட்டைதான் விழும்.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பைப்பில் இரும்பு பிராக்கெட்டைச் சேர்க்க 309எல் ராடு வேண்டும். சாதாரண ராடு வைத்தால் அந்த இணைப்பு எளிதில் விரிசல் விடும்.

சரியாக வைப்பது எப்படி?

முதலில் சைலன்சரை வண்டியிலிருந்து கழற்றுங்கள். பெட்ரோல் டேங்க் பக்கத்தில் தீப்பொறி பறப்பதும், வெல்டிங் கரன்ட் வண்டியின் இசியு வழியாகப் பாய்வதும் இதனாலேயே தவிர்க்கப்படும். ஆக்சிஜன் சென்சார் இருந்தால் அதையும் கழற்றிவிடுங்கள்.

விரிசல் முடியும் புள்ளியில் 3 மி.மீ. துளை ஒன்று போடுங்கள். விரிசல் அதற்கு மேல் ஓடாமல் அது தடுக்கும். பிறகு விரிசல் நெடுக கிரைண்டரால் 'வி' வடிவப் பள்ளம் எடுங்கள். பெயின்ட், துரு, குரோம் எல்லாம் போய், பளபளவென்று இரும்பு தெரிய வேண்டும்.

6013 ராடு, 2.5 மி.மீ. அளவு போதும். மெஷினை 70 ஆம்ப் அருகே வைத்து, முதலில் ஒரு பழைய தகட்டில் போட்டுப் பாருங்கள். எர்த் கிளாம்ப்பை வெல்டிங் வைக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே சுத்தமான இரும்பில் மாட்டுங்கள். இரு முனைகளிலும் சின்னதாக டேக் வைத்து, பிராக்கெட்டின் துளை வண்டியின் துளையோடு சேர்கிறதா என்று பார்த்த பிறகே முழுசாக வைக்க வேண்டும். கசடைத் தட்டி எடுத்துவிட்டு, விரிசலுக்குள் நன்றாக இறங்கியிருக்கிறதா என்று கவனியுங்கள்.

'கனமா ஒரு பிளேட் போட்டா ஸ்ட்ராங்கா இருக்கும்' என்பது பாதிதான் உண்மை. பிராக்கெட்டை அசையவே விடாமல் செய்தால், அந்த அழுத்தம் வேறெங்கோ போகும். பக்கத்தில் இருக்கும் மெல்லிய தகடு கிழியலாம், முன்பக்க ஸ்டட் முறியலாம். அதனால் பிராக்கெட்டின் அதே தடிமனில் முக்கோணத் துண்டு ஒன்றை மூலையில் சேர்த்தால் போதும். அதன் முனைகள் கூராக நிற்காமல், சரிவாக முடியட்டும்.

மாட்டும்போது எல்லா நட்டுகளையும் முதலில் கையால் மட்டும் ஏற்றுங்கள். பிறகு முன்பக்கத்தை முடுக்கி, கடைசியாகப் பின்பக்கத்தை முடுக்குங்கள். முன்பக்க கேஸ்கெட்டைப் புதிதாகப் போடுவது நல்லது.

கண்ணும் மூச்சும் பத்திரம்

கூலிங் கிளாஸ் உதவாது. 10-ம் எண் ஷேடு உள்ள வெல்டிங் ஹெல்மெட் வேண்டும். வெறும் கண்ணால் பார்த்தால் அப்போது ஒன்றும் தெரியாது. சில மணி நேரம் கழித்து, கண்ணில் மணல் விழுந்ததுபோல் உறுத்தும். பக்கத்தில் வேடிக்கை பார்க்கும் குழந்தைகளுக்கும் இது பொருந்தும்.

குரோம் பூச்சு மீது வெல்டிங் வைத்தால் வரும் புகை நச்சு. துத்தநாகப் பூச்சுள்ள போல்ட், வாஷர் மீது வைத்தால் காய்ச்சல், நடுக்கம் வரலாம். குளோரின் கலந்த பிரேக் கிளீனரால் துடைத்த இடத்தில் வெல்டிங் வைக்கவே கூடாது. ஃபாஸ்ஜீன் என்ற உயிர்க்கொல்லி வாயு உருவாகும். மூடிய அறையில் இல்லாமல், காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள். கையில் தோல் கிளவுஸ், உடம்பில் காட்டன் துணி, பக்கத்தில் ஒரு வாளி மணல் இருக்கட்டும். சாதாரண 6 ஆம்ப் பிளக் தாங்காது, 16 ஆம்ப் பவர் பிளக்கில் மாட்டுங்கள்.

போலீஸ் பிடிப்பார்களா?

உடைந்த பிராக்கெட்டை ஒட்டவைப்பது பழுதுபார்ப்பு. ஆனால், 'எப்படியும் கழற்றியாச்சே' என்று சைலன்சரைத் திறந்து உள்தடுப்புகளை எடுப்பது வேறு கதை. ஒலி, காற்று மாசு விதிகளை மீறினால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 190(2) பிரிவின்படி ரூ.10,000 வரை அபராதமோ, 3 மாதம் வரை சிறையோ கிடைக்கலாம்.

வேலை முடிந்ததும் 100 கி.மீ. ஓட்டிவிட்டு, என்ஜின் ஆறிய பிறகு டார்ச் அடித்துப் பாருங்கள். வெல்டிங்கின் ஓரத்தில் துருக்கோடு மாதிரி ஏதாவது தெரிந்தால், அது புது விரிசலாக இருக்கலாம். அப்படியென்றால் மறுபடியும் ராடைத் தேட வேண்டாம், புது பிராக்கெட் வாங்கிவிடுங்கள். ஓடும் வண்டியிலிருந்து சைலன்சர் கழன்று விழுந்தால், அடிபடப்போவது உங்களுக்குப் பின்னால் வருபவர்.