சிறுத்தையின் கித்தார்

தென்கடல் ஊர்கள், மனிதர்கள் – 7

பம்பைத் தலைமுடியை வெட்ட மாட்டேன் என்றதற்காக ஒரு மாணவனை வெளியே அனுப்பியது ஆக்லாந்தின் மவுண்ட் ஆல்பர்ட் கிராமர் பள்ளி. அந்தப் பையன் டிகிலாவ் நெஸ். நியுவே தீவிலிருந்து பிழைக்க வந்த பெற்றோருக்கு 1955இல் ஆக்லாந்திலேயே பிறந்தவர். பின்னாளில் நியூசிலாந்து ரெகே இசையின் மூத்த பாடகர்களில் ஒருவரானார். ஆனால் கித்தாரை வைத்து மட்டும் அவரை எடைபோட முடியாது.

1971 ஜூனில் ஆக்லாந்தின் பான்சன்பி பகுதியில் பசிபிக் தீவு இளைஞர்கள் சிலர் பாலினீசியன் பாந்தர்ஸ் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். நெஸ்ஸும் அதில் இருந்தார். பான்சன்பி இன்று பணக்காரர்களின் பேட்டை. அன்று தீவுக் குடும்பங்கள் நெருக்கியடித்து வாழ்ந்த வாடகை வீடுகள். அமைப்பின் பெயர் அமெரிக்கக் கருஞ்சிறுத்தைகளைப் பார்த்துச் சூட்டியது. பம்பாயில் நாம்தேவ் தசாலும் நண்பர்களும் தலித் பாந்தர்ஸைத் தொடங்கியது அடுத்த ஆண்டு. நம் ஊர் அரசியலுக்குச் சிறுத்தை வந்து சேர்ந்ததும் அந்த வழியில்தான்.

பெயரில் இருந்த உறுமல் வேலையில் இல்லை. பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம் சொல்லிக்கொடுத்தார்கள். சிறையில் இருப்பவர்களைப் பார்க்கக் குடும்பங்களைப் பேருந்தில் அழைத்துப் போனார்கள். போலீஸ் பிடித்தால் உனக்கு என்ன உரிமை என்று விளக்கும் சிறு பிரசுரத்தை வீடு வீடாகக் கொடுத்தார்கள். அதற்குச் சட்ட உதவி செய்த இளம் வக்கீல் டேவிட் லாங்கே, 1984இல் நாட்டின் பிரதமரானார்.

தொழிற்சாலைக்கு ஆள் தேவைப்பட்டபோது தீவு மக்களை வரவேற்ற அரசு, 1970களின் நடுவில் வேலை சுருங்கியதும் விசா முடிந்தவர்களைத் தேடி விடியற்காலையில் கதவைத் தட்டியது. வரலாற்றில் 'டான் ரெய்டு' என்று பதிவான கொடுமை அது. பிஜியின் கரும்புக்காட்டுக்குக் கப்பலேற்றப்பட்டவர்களின் கதை தெரிந்த நமக்கு இந்தக் கணக்கு புதிதல்ல. விசா தாண்டித் தங்கியவர்களில் தீவு மக்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். வழக்குப் போடப்பட்டவர்களிலோ 86 சதவீதம் அவர்களே என்று 1980களின் ஆய்வு ஒன்று காட்டியது. பிரிட்டனிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் வந்து தங்கியவர்களின் கதவை யாரும் தட்டவில்லை. பாந்தர்கள் சும்மா இருக்கவில்லை. அமைச்சர்களின் வீட்டு வாசலுக்கு அதே விடியற்காலையில் விளக்கும் ஒலிபெருக்கியுமாகப் போய் நின்றார்கள். இவ்வளவு நேர்த்தியான பதிலடியை நான் அதிகம் படித்ததில்லை.

1979 ஏப்ரலில் வெஸ்டர்ன் ஸ்பிரிங்ஸ் மைதானத்தில் பாப் மார்லி பாடினார். அன்றிலிருந்து ரெகே ஆக்லாந்தின் சொந்த இசையாகிவிட்டது. மார்லியின் பிறந்தநாளும் வைதாங்கி ஒப்பந்த நாளும் ஒன்றே, பிப்ரவரி 6. தேசிய விடுமுறையான அந்த நாளில் பூங்காக்களில் ரெகே ஒலிப்பது இங்கே வழக்கம்.

1981இல் நிறவெறித் தென்னாப்பிரிக்காவின் ரக்பி அணி வந்தபோது நெஸ் தெருவில் இறங்கினார். அதற்காக ஒன்பது மாதம் சிறை. அவர் துணைவி மிரியாமா ரவுஹிஹியும் பாந்தர்தான். இருவரின் மகனுக்கு சே குவேராவின் பெயர். அந்த மகன்தான் பாடகர் சே ஃபூ. பசிபிக் அணுகுண்டுச் சோதனையைக் கண்டித்து 1996இல் இசைக்கலைஞர் டிஎல்டியுடன் சேர்ந்து அவர் பாடிய 'செயின்ஸ்' நாட்டின் பாடல் பட்டியலில் முதலிடத்தைப் பிடித்தது. நெஸ்ஸின் குழு யூனிட்டி பசிபிக். நுணுக்கமான வாத்திய வித்தையை அதில் தேடினால் ஏமாற்றம்தான். அந்தக் குரலின் கனம் வேறெங்கோ சேர்ந்தது.

2021 ஆகஸ்ட் 1 அன்று ஆக்லாந்து டவுன் ஹாலில் பிரதமர் ஜெசிந்தா ஆர்டெர்ன் அந்த ரெய்டுகளுக்காக அரசின் சார்பில் மன்னிப்புக் கேட்டார். சமோவா முறைப்படி அவர் தலைமேல் பாய் போர்த்தப்பட்டது. நரைத்துப்போன பாந்தர்கள் இன்றும் பள்ளிகளுக்குப் போய் அந்தக் காலத்தைப் பேசுகிறார்கள்.

கடல் கடந்த நம் சங்கங்களில் தலைவர் என்றால் பொன்னாடை, வரவேற்புரை, குத்துவிளக்கு. ஆக்லாந்தில் பொங்கல் விழா நடத்தும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அடுத்த முறை அந்த வரிசையில் ஒன்றைக் குறைத்துவிட்டு, பாந்தர்களில் ஒருவரை மேடைக்கு அழையுங்கள். நம் பிள்ளைகளும் வந்தேறிகளின் பிள்ளைகள்தான், அவர்கள் கேட்கட்டும்.

(தொடரும்)